சந்தா கட்டாமல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆடுபவர் எதுவரை போகலாம்?

கேள்வி: கயல்

அனைவருக்கும் வணக்கம். நானும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தம்பியும் சில வாரங்களாகக் கைப்பேசியில் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்னும் இணைய ஆட்டத்தை ஆடி வருகிறோம். சந்தா கட்டும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. பயிற்சித் தீவை முடித்து லம்பிரிட்ஜில் இறங்கி, கோட்டைச் சமையற்காரருக்கு முட்டை, பால், மாவு கொண்டுபோய்க் கொடுக்கும் குவெஸ்டையும் (ஆட்டம் தரும் கதைப் பணி) முடித்துவிட்டோம். வயலில் கோதுமையைப் பறித்து, ஆலையின் மேல்தளம் வரை ஏறிக் கொட்டி, நெம்புகோலை இழுத்துவிட்டு, கீழே இறங்கி வந்து பானையில் மாவை அள்ளியது இருவருக்கும் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எதை நோக்கி ஆடுவது என்று தெரியவில்லை. உலக வரைபடத்தின் பெரும்பகுதி சந்தா கட்டிய மெம்பர்களுக்கு உரியது என்பதால், நாங்கள் ஆடுவது முழு ஆட்டம்தானா, அல்லது பணம் கட்ட வைப்பதற்கான முன்னோட்டமா என்ற ஐயம் எழுகிறது.

ஆட்டத்துக்குள் சம்பாதிக்கும் நாணயத்தைக் கொண்டே பாண்டு என்னும் சந்தாச் சீட்டு வாங்கி மெம்பர் ஆகிவிடலாம் என்று தம்பி சொல்கிறான். அது புதியவர்களால் முடிகிற காரியமா? ஆட்டக்காரர்கள் பொருள்களை வாங்கி விற்கும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் பக்கம் நின்றால், கொடுக்கும் நாணயத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சிலர் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களை நம்பலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: இரும்புக்கவசம்

கயல் அவர்களுக்கு வணக்கம். இலவசப் பகுதியை முன்னோட்டம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதற்குத் தனித் தொடக்கமும் தனி உச்சமும் உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாஜெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வெளிவந்தபோது, உலாவியிலேயே எவரும் காசில்லாமல் ஆடும் ஆட்டமாகத்தான் இருந்தது. இன்று நீங்கள் ஆடும் ஓல்டு ஸ்கூல் பதிப்பு, 2007 ஆகஸ்டு மாதத்து நகல் ஒன்றை வைத்து, ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. முதலில் அது சந்தாதாரர்களுக்கு மட்டும் இருந்தது. 2015 பிப்ரவரியில்தான் இலவச உலகங்கள் திறந்தன. அப்போது திறந்துவிட்ட பகுதி ஏறக்குறைய பழைய இலவச ஆட்டமேதான் என்பதால், அதன் குவெஸ்டுகள் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி, டிராகன் ஸ்லேயர் என்னும் பெரிய குவெஸ்டில் போய் முடிகின்றன.

உங்கள் இலக்கு அதுவாகவே இருக்கட்டும். வாரோக் நகருக்குத் தென்மேற்கே உள்ள சாம்பியன்ஸ் கில்டுக்குள் நுழைந்து அந்தக் குவெஸ்டைத் தொடங்க 32 குவெஸ்ட் புள்ளிகள் வேண்டும். இந்த நிபந்தனை மிக நல்ல நிபந்தனை என்பது என் எண்ணம், ஏனென்றால் அந்தப் புள்ளிகளைச் சேர்ப்பதற்காகவே இலவச நிலம் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிடுவீர்கள். ரோமியோ ஜூலியட் குவெஸ்டில் சண்டையே இல்லை, ஆனாலும் 5 புள்ளிகள் கிடைக்கும். நைட்ஸ் ஸ்வோர்டு குவெஸ்ட் ஒரே ஒரு புள்ளிதான் தரும் என்றாலும், அதை முடித்த கையோடு ஸ்மித்திங் திறன் முதல் லெவலிலிருந்து நேரே 29-க்கு ஏறிவிடும். ஆகவே வெண்கலக் கத்தி அடித்து நேரத்தைச் செலவிடும் முன் அதை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

எந்தத் திறனிலும் 99-ஐ இப்போது குறிவைக்க வேண்டாம். அதற்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் தேவை. லெவல் 92 வந்தால்தான் அதில் பாதியைத் தொடுகிறோம். தாக்குதல், தற்காப்பு இரண்டும் 40 ஆகும்போது ரூன் என்னும் உலோகத்தாலான ஆயுதங்களையும், பிளேட்பாடி என்னும் மார்புக் கவசம் நீங்கலான ரூன் கவசங்களையும் அணியலாம். அந்தப் பிளேட்பாடியை அணியும் உரிமைதான் டிராகன் ஸ்லேயரின் பரிசு.

பதில்: நெடுவழி

மேலே சொன்னது அனைத்தும் சரி. நான் பாண்டு பற்றி மட்டும் சொல்கிறேன். தம்பி சொல்வது உண்மைதான். கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் பாண்டை நாணயம் கொடுத்து வாங்கலாம். ஒரு பாண்டு 14 நாள் மெம்பர்ஷிப் தரும். ஆனால் அதன் விலை பல பத்து லட்சம் நாணயம், அதுவும் நிலையாக நிற்பதில்லை. மாட்டுத்தோல் விற்றும் இரும்புத் தாது வெட்டியும் இலவச உலகத்தில் ஒருவர் அந்தத் தொகையைச் சேர்ப்பதற்குள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து ஆட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அப்படிச் சேர்த்து வாங்கினாலும் 14 நாள் ஓடியதும் அடுத்த பாண்டுக்கு மீண்டும் உழைக்க வேண்டும். லெவல் குறைந்த நிலையில் மெம்பர் நிலத்தில் சம்பாதிக்கும் வழிகளும் உங்களுக்குத் திறந்திருக்காது. குவெஸ்டுகளை முடித்து, மந்திரத் திறன் 55 வந்து, பொருளை நாணயமாக மாற்றும் ஹை ஆல்கமி மந்திரம் செய்யும் நிலையில் இருக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அதுவரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உதவும் வேலைகளாகப் பார்த்துச் செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, லம்பிரிட்ஜில் கோழி அடிக்கும்போது விழும் இறகுகளைப் பலர் அப்படியே விட்டுப் போகிறார்கள். அவற்றைச் சேர்த்துக்கொண்டு, போர்ட் சாரிமில் இறகை இரையாக வைக்கும் ஈத்தூண்டில் வாங்கி, பார்பேரியன் கிராமத்து ஆற்றங்கரைக்குப் போங்கள். மீன்பிடித்தல் 20-இல் டிரௌட் மீனும், 30-இல் சால்மனும் கிடைக்கும். பிடித்த மீனைப் பக்கத்திலேயே சுட்டுக்கொள்ளலாம் என்பதால் சமையல் திறனும் கூடவே ஏறும். அந்த மீனைப் பையில் நிரப்பிக்கொண்டு எட்ஜ்வில் சுரங்கத்தில் இருக்கும் ஹில் ஜயன்டுகளிடம் போனால், சண்டைத் திறன்கள் வளர்வதோடு, அவர்கள் விட்டுச் செல்லும் பெரிய எலும்புகளைப் புதைத்துப் பிரார்த்தனைத் திறனையும் வளர்க்கலாம். நான் இந்த ஆட்டத்தை விரும்புவதே இந்தச் சங்கிலிக்காகத்தான்.

பதில்: தாமரைக்குளம்

தம்பி சிறுவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நாணயத்தை இரட்டிப்பாக்கித் தருவேன் என்பவர் எவராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர். முதலில் சிறு தொகையை இரட்டிப்பாகக் கொடுத்து நம்பிக்கை ஏற்படுத்துவார்கள். பெரிய தொகை கைக்கு வந்ததும் மறைந்துவிடுவார்கள். கவசத்துக்குத் தங்க விளிம்பு இட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போவதும் இதே வகைதான், ஏனென்றால் அப்படி விளிம்பிடும் திறன் எதுவும் ஆட்டத்தில் கிடையாது.

இன்னொரு வகை, "என்னோடு வா, நல்ல இடம் காட்டுகிறேன்" என்று, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய வடக்கு நிலமான வைல்டர்னஸுக்கு அழைத்துப் போவது. எல்லைப் பள்ளத்தைத் தாண்டியதும் திரையில் ஓர் எண் தோன்றும். அது 5 என்றால், உங்கள் சண்டை லெவலுக்கு 5 மேலோ கீழோ இருக்கும் எவரும் உங்களைத் தாக்கலாம். உள்ளே போகப் போக அந்த எண் கூடும். அங்கே மற்றொருவர் கையால் இறந்தால், மண்டையோட்டுக் குறி (பிறரை முதலில் தாக்கியவர் தலைமேல் தோன்றுவது) இல்லாதவருக்கு மிக விலைமதிப்புள்ள மூன்று பொருள்கள் மட்டுமே மிஞ்சும். வேறு இடங்களில் ஒரு மிருகத்திடம் இறந்தால் கல்லறையில் பொருள்கள் காத்திருக்கும். குறித்த நேரத்துக்குள் போய் எடுத்துக்கொள்ளலாம். எனவே குவெஸ்டுக்குத் தேவைப்பட்டால் ஒழிய வைல்டர்னஸுக்குள் போக வேண்டாம். போனாலும் இழக்கத் தயங்கும் எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வங்கிக்கு நான்கு இலக்கப் பின் எண்ணும் இன்றே வைத்துவிடுங்கள். ஆட்டத்து நாணயத்தை வெளியே உண்மைப் பணம் கொடுத்து வாங்குவது விதிமீறல். அதற்காகக் கணக்கையே முடக்கிவிடுவார்கள் என்பதையும் தம்பிக்குச் சொல்லி வையுங்கள்.

கயல்

மூவருக்கும் மிக்க நன்றி. பின் எண் வைத்துவிட்டோம், இரட்டிப்பு ஆசையும் தம்பிக்குப் போய்விட்டது. இரும்புக்கவசம் ஐயா, டிராகன் ஸ்லேயருக்கு இப்போதிருந்தே சேர்த்து வைக்க வேண்டியவை என்னென்ன என்று சொல்ல முடியுமா?

பதில்: இரும்புக்கவசம்

மகிழ்ச்சி, சகோதரி. டிராகன் எல்வார்க் இருக்கும் கிராண்டோர் தீவுக்குப் போக மூன்று துண்டாகக் கிழிந்த வரைபடம் வேண்டும். ஒரு துண்டு மெல்சாரின் புதிர்வீட்டுக்குள் இருக்கிறது. அதன் கடைசி அறையில் லெஸ்ஸர் டீமன் ஒன்றைக் கொல்ல வேண்டும் என்பதால் மீன் நிறையக் கொண்டுபோங்கள். இரண்டாவது துண்டு குள்ளர் சுரங்கத்து மந்திரக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கதவு திறக்கப் பட்டுத்துணி, லாப்ஸ்டர் பிடிக்கும் கூடை, சுடாத மண்கிண்ணம், விசார்ட்ஸ் மைண்டு பாம் என்னும் மது ஆகிய நான்கும் தேவை. மூன்றாவது துண்டு போர்ட் சாரிம் சிறையிலுள்ள வோர்ம்பிரெயின் என்னும் கோப்ளினிடம் இருக்கிறது. 10,000 நாணயம் கொடுத்து வாங்கலாம். அம்போ மந்திரமோ தெரிந்தால் கம்பிக்கு வெளியே நின்றே அவனைக் கொன்று, தொலைவிலிருந்து பொருளை எடுக்கும் டெலிகினெடிக் கிராப் மந்திரத்தால் துண்டை எடுக்கலாம். கப்பலின் விலை 2,000 நாணயம். ஓட்டையை அடைக்க மூன்று பலகையும் 90 எஃகு ஆணியும் ஒரு சுத்தியலும் வேண்டும்.

லம்பிரிட்ஜ் கோட்டை மாடியில் டியூக் ஹொரேசியோவிடம் டிராகன் தீயைத் தடுக்கும் கேடயம் கேட்டு வாங்காமல் புறப்படவே கூடாது. எல்வார்க்கின் சண்டை லெவல் 83. கேடயம் இல்லாதவர் அதன் தீயில் சில நொடிகள்கூடத் தாங்க மாட்டார். தீவில் இறங்கி நிலவறைக்குள் போனதும், எல்வார்க்கிடம் நெருங்குவதற்கு முன்பே கரம்ஜா எரிமலைப் பக்கம் போகும் இரகசியச் சுவரை ஒருமுறை திறந்துவிடுங்கள். அதன் பிறகு தோற்றாலும் கப்பலைச் செப்பனிடும் செலவு மறுபடி வராது. போர்ட் சாரிமில் 30 நாணயம் கொடுத்துக் கரம்ஜாவுக்குப் படகேறி, நடந்தே அடுத்த முயற்சிக்குப் போய்விடலாம். வென்றதும் எட்ஜ்வில்லில் ஓசியாக் என்னும் கவசக் கடைக்காரரைப் பார்த்துக் குவெஸ்டை முடியுங்கள். ஆனால் ரூன் பிளேட்பாடியை அவர் கடையில் வாங்காதீர்கள். கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.