மாண்டினீக்ரோ: முப்பதாண்டு ஆட்சி முடிந்த பிறகும் அரசுகள் நிலைக்காதது ஏன்?

கேள்வி: நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். யூகோஸ்லாவியா உடைந்து உருவான நாடுகளின் அரசியலைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். மற்றவற்றை ஓரளவு புரிந்துகொள்ள முடிந்தது, மாண்டினீக்ரோவில்தான் சிக்கிக்கொண்டேன். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 6 லட்சத்து 23 ஆயிரம் பேர். நாடாளுமன்றம் 81 இடங்கள் கொண்ட ஒற்றை அவை. இத்தனை சிறிய நாட்டில், 1990 டிசம்பரில் நடந்த முதல் பலகட்சித் தேர்தலில் வென்ற கட்சி 2020 வரை ஆட்சியை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் அது இறங்கிய பிறகு, 2020 டிசம்பர் தொடங்கி 2023 அக்டோபர் முடிவதற்குள் மூன்று பிரதமர்கள் அடுத்தடுத்துப் பதவியேற்றிருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள். கம்யூனிச ஆட்சிகள் கிழக்கு ஐரோப்பா முழுவதும் சரிந்த காலத்தில் இந்த ஒரு கட்சி மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? அதை வீழ்த்தியவர்களால் ஏன் ஒன்றாக நிற்க முடியவில்லை? இடதுசாரி, வலதுசாரி என்ற வழக்கமான அளவுகோலைக் கொண்டு பார்த்தால் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கயல்விழி

நெடுவழி அவர்களுக்கு, அந்த அளவுகோலை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். மாண்டினீக்ரோ வாக்காளரிடம் தேர்தல் கேட்பது வேறு இரண்டு கேள்விகளை: நீ உன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறாய், உன் வீட்டுக்கு வேலை கொடுத்தது யார்?

1990-இல் வென்றது அந்தக் குடியரசின் கம்யூனிஸ்டுகள் கழகம். அடுத்த ஆண்டே அது சோஷலிஸ்டுகளின் ஜனநாயகக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது, சுருக்கமாக டி.பி.எஸ். 1991 பிப்ரவரியில் மிலோ ஜுகானொவிச் 29 வயதில் பிரதமரானார். அப்போது அவரும் கட்சித் தலைவர் மோமிர் புலாடொவிச்சும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஆட்சியிலிருந்த செர்பியத் தலைவர் மிலோசெவிச்சின் உறுதியான கூட்டாளிகள். அதே ஆண்டு குரோவேசியாவின் துப்ரோவ்னிக் நகர் முற்றுகையிடப்பட்டபோது, தாக்கியவர்களில் மாண்டினீக்ரோவிலிருந்து திரட்டிக் கொண்டுபோன துணைப்படையினரும் இருந்தார்கள். பிற்காலத்தில் மேற்குலகின் நண்பனாக அறியப்பட்ட கட்சியின் தொடக்கம் அதுதான் என்பதை மறக்காமல் இருப்பது முக்கியம் என்று கருதுகிறேன்.

1997-இல் கட்சி இரண்டாகப் பிளந்தது. மிலோசெவிச்சிடமிருந்து விலக ஜுகானொவிச் முடிவு செய்தார். புலாடொவிச் மிலோசெவிச்சோடு நின்றார். அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் பின்தங்கியிருந்த ஜுகானொவிச், இரண்டாம் சுற்றில் ஐயாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் வென்றார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஐயாயிரம் வாக்குகளே வித்து. 1999-இல் ஜெர்மனியின் மார்க் புழக்கத்துக்கு வந்தது, 2002-இல் யூரோ. இவை இரண்டும் பெல்கிரேடின் பணத்திலிருந்து வெளியேறும் படிகள். 2006 மே 21-இல் செர்பியாவிலிருந்து பிரிந்து தனிநாடாவதற்கான பொதுவாக்கெடுப்பு நடந்தது. வெற்றிக்கு 55 சதவீதம் தேவை என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்திருந்தது. கிடைத்தது 55.5 சதவீதம்: ஆதரவாக 2,30,661 வாக்குகள், எதிராக ஏறத்தாழ 1,85,000 வாக்குகள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த வரம்பைத் தாண்டியது வெறும் இரண்டாயிரம் வாக்குகளில்தான். 2017-இல் அந்நாடு நேட்டோவில் சேர்ந்தது.

ஒவ்வொரு திருப்பத்திலும் கொள்கை தலைகீழானது, ஆட்சி மட்டும் கை மாறவில்லை. எதிர்க்கட்சி எந்தக் கோரிக்கையைக் கொண்டு வளரக்கூடுமோ, அதை டி.பி.எஸ். தானே எடுத்துக்கொண்டுவிடும். 2006-க்குப் பிறகு இன்னொரு வசதியும் அதற்குக் கிடைத்தது: தன்னை எதிர்ப்பவர் நாட்டையே எதிர்ப்பவர் என்று சொல்ல முடிந்தது. தனிநாட்டை விரும்பி, அதே வேளையில் ஊழலை வெறுத்த குடிமகனுக்குப் பல ஆண்டுகள் வாக்களிக்க இடமே இல்லாமல் போனது. இந்த அரசியலில் எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

இனி வேலை. 2013-இல் டி.பி.எஸ். உள்கூட்டங்களின் ஒலிப்பதிவுகள் ஒரு நாளிதழ் வழியாக வெளியாயின. ஒருவருக்கு வேலை கொடுத்தால் கட்சிக்கு நான்கு வாக்குகள் என்ற பொருளில் ஒருவர் பேசியது அதில் பதிவாகியிருந்தது. அரசே மிகப்பெரிய முதலாளியாக இருக்கும் மலையூர் ஒன்றில், வேலையிலிருக்கும் மகன், அவன் மனைவி, தாய், தந்தை என்று ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

மறுமொழி: மாறன்

கயல்விழி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேர்தல் விதிகளையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இரண்டாவது ஐயம் தீராது.

நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்கு ஆளுக்கு அன்று, பட்டியலுக்கு. 3 சதவீதத்தைத் தாண்டிய பட்டியல்களுக்கு டோன்ட் முறையில் இடங்கள் பங்கிடப்படும். அதாவது ஒவ்வொரு பட்டியலின் வாக்குகளையும் 1, 2, 3 என்று வரிசையாக வகுத்து, கிடைக்கும் ஈவுகளில் பெரியவை 81-ஐப் பொறுக்கி எடுப்பார்கள். இந்த முறை பெரிய பட்டியலுக்குச் சற்றே சாதகமானது. ஆகவே சிறு கட்சிகள் தேர்தலுக்கு முன்பே ஒன்று சேர்ந்து ஒரு பட்டியலுக்குப் பெயர் சூட்டுகின்றன. அடுத்த தேர்தலில் வேறு சேர்க்கை, வேறு பெயர். அந்நாட்டுத் தேர்தல் முடிவுகளைப் படிப்பவர்கள் குழம்புவது இதனால்தான். தொகுதி என்று ஒன்று இல்லாததால், உறுப்பினருக்குத் தன் ஊர் மக்களைவிடப் பட்டியலில் தன்னை எத்தனையாவது இடத்தில் வைக்கலாம் என்று முடிவு செய்யும் தலைவரே முக்கியமானவராகிறார்.

சிறுபான்மையினருக்கான விதியை நான் மனமாரப் பாராட்டுவேன். போஸ்னியாக், அல்பேனியர் போன்ற சமூகங்களின் பட்டியல்கள் 3 சதவீதத்தை எட்டாவிட்டாலும், 0.7 சதவீதத்தைத் தாண்டினால் அந்தந்தச் சமூகத்தின் பட்டியல்களைச் சேர்த்துக் கணக்கிட்டு மூன்று இடங்கள் வரை தரலாம். எண்ணிக்கையில் மிகக் குறைந்த குரோவேசியர்களுக்கு 0.35 சதவீதமே போதும், ஓர் இடம் கிடைத்துவிடும். பால்கன் பகுதியில் நடந்த போர்களை நினைத்தால் இது சிறிய ஏற்பாடு அன்று.

வாக்குச்சாவடிக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியில் ‘பல்கேரிய ரயில்’ என்று ஒரு மோசடிக்குப் பெயர். முதல் ஆள் வெற்று வாக்குச்சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்து வெளியே கொண்டுவருவார். வெளியே நிற்பவர் அதில் குறியிட்டு அடுத்தவரிடம் தருவார். அவர் உள்ளே போய் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தனக்குக் கொடுக்கப்பட்ட வெற்றுச் சீட்டோடு திரும்புவார். இப்படியே பெட்டி பெட்டியாக ரயில் ஓடும். இதைத் தடுக்கத்தான் மாண்டினீக்ரோவின் வாக்குச்சீட்டில் எண்ணிட்ட கிழிதாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. குறியிட்டுத் திரும்பும் வாக்காளரின் சீட்டு அவரிடம் கொடுத்த அதே சீட்டுதானா என்று அந்த எண்ணைக் கொண்டு சரிபார்த்துக் கிழித்த பிறகே அது பெட்டிக்குள் போகும். ஒரு நாட்டின் தேர்தலில் எதை அஞ்சுகிறார்கள் என்பதை அந்தத் துண்டுத் தாளே சொல்லிவிடுகிறது.

நெடுவழி

இருவருக்கும் நன்றி. கிழிதாள் பற்றிய விவரம் நான் எங்கும் படிக்காதது. ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. முப்பது ஆண்டுகள் அசையாமல் இருந்த கட்சியை 2020-இல் அசைத்தது தேவாலயம் என்கிறார்கள். ஒரு சமயச் சட்டத்தால் ஓர் ஆட்சி கவிழுமா?

மறுமொழி: எழிலன்

கவிழ்ந்தது உண்மை, ஆனால் நூலிழையில். 2019 டிசம்பரில் நிறைவேறிய சமயச் சுதந்திரச் சட்டம், 1918-க்கு முன் அரசுக்குச் சொந்தமாக இருந்த சமயச் சொத்துகளுக்குத் தம் உரிமையை நிறுவ முடியாத சமய அமைப்புகள் அவற்றை இழக்க நேரும் என்றது. 1918 என்பது தற்செயலாக எடுத்த ஆண்டு அன்று. மாண்டினீக்ரோ தன் அரசை இழந்து செர்பியாவோடு இணைக்கப்பட்ட ஆண்டு அது. நாட்டின் பழமையான மடங்களில் பெரும்பாலானவை செர்பிய மரபுவழித் திருச்சபையின் பொறுப்பில் உள்ளன. ஆகவே குளிர்காலம் முழுவதும், வியாழன்தோறும் ஞாயிறுதோறும், திருவுருவங்களை ஏந்தி மக்கள் ஊர்வலம் போனார்கள். அரசியல் கூட்டத்துக்கு வர அஞ்சிய அரசு ஊழியர்கூடத் தேவாலய ஊர்வலத்தில் நடக்க முடிந்தது. கயல்விழி அவர்கள் சொன்ன ‘வேலை’ என்ற கட்டு அங்கேதான் தளர்ந்தது என்பது என் கருத்து.

2020 ஆகஸ்ட் 30-இல் டி.பி.எஸ். 30 இடங்களோடு முதலிடமே பிடித்தது. எதிரணியில் செர்பியச் சார்புக் கட்சிகளின் பட்டியலுக்கு 27, நடுநிலையாளர்களின் பட்டியலுக்கு 10, ஊரா என்ற பசுமைக் கட்சியின் பட்டியலுக்கு 4. கூட்டினால் 41; எதிரே 40. இந்த 41-க்குள் நேட்டோவை வெறுத்தவர்களும் வரவேற்றவர்களும், பெல்கிரேடைத் தாயகமாகக் கருதியவர்களும் அப்படிக் கருதாதவர்களும் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது ஜுகானொவிச் போக வேண்டும் என்ற ஒரே விருப்பம்.

கட்சி சாராத வல்லுநர்களைப் பெரும்பாலும் கொண்டு ஸ்த்ராவ்கோ கிரிவோகாபிச் அமைத்த அரசு பதினான்கு மாதம் நின்றது. அதற்குள் நாடு எவ்வளவு பிளந்திருந்தது என்பதை 2021 செப்டம்பர் 5-ஆம் நாள் காட்டியது. பழைய தலைநகரான செட்டினியேயில் புதிய பேராயர் யொவானிக்கியே பொறுப்பேற்க வேண்டும். ஆனால் நகரின் சாலைகளை எதிர்ப்பாளர்கள் மறித்திருந்தார்கள். கண்ணீர்ப்புகை மூட்டத்துக்கு நடுவே அவரும் செர்பியப் பேராயத் தலைவரும் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, காவலர்கள் பிடித்த குண்டு துளைக்காத கவசத்தின் மறைவில் மடத்துக்குள் ஓடாத குறையாகச் சென்றார்கள். வழிபாட்டுக்குச் செல்லும் துறவியைக் கவசத்தால் போர்த்தி அழைத்துச் செல்ல நேர்ந்த காட்சி, அந்நாட்டை நேசிப்பவர்கள் எவருக்கும் மனத்தை விட்டு அகலாது.

2022 பிப்ரவரியில் கூட்டணிக்குள்ளிருந்த ஊரா கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அந்த அரசு விழுந்தது. ஊராவின் திரிதான் அபாசோவிச் டி.பி.எஸ். ஆதரவோடு ஏப்ரலில் பிரதமரானார். ஆகஸ்ட் 3-இல் செர்பியத் திருச்சபையோடு ஓர் அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதே மாதம் 19-இல் ஆதரவை இழந்து வீழ்ந்தார். பிறகு இடைக்கால அரசு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. அரசமைப்பு நீதிமன்றத்தில் போதிய நீதிபதிகளை நியமிக்க நாடாளுமன்றத்தில் உடன்பாடு வராததால், பல மாதங்கள் தேர்தல் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூட ஆளில்லை. அரசுகள் மாறியதைவிட இதுதான் பெரிய ஆபத்து என்பேன்.

கயல்விழி

எழிலன் அவர்களின் விளக்கத்தோடு ஓரிடத்தில் வேறுபடுகிறேன். தேவாலயம் கதவைத் திறந்தது. ஆனால் அதன் வழியாக உள்ளே வந்தது சம்பளம். கிரிவோகாபிச் அரசில் அமைச்சர்களாக இருந்த மிலோய்கோ ஸ்பாயிச்சும் யாகோவ் மிலாடொவிச்சும் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தத்தை நீக்கி, குறைந்தபட்ச ஊதியத்தை 2022 ஜனவரி முதல் 250 யூரோவிலிருந்து 450 யூரோவாக உயர்த்தினார்கள். அந்தத் திட்டத்தின் பெயரையே வைத்து ‘இப்போதே ஐரோப்பா’ என்ற கட்சியைத் தொடங்கினார்கள். 2023 ஏப்ரல் 2-இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மிலாடொவிச் ஏறத்தாழ 59 சதவீத வாக்குகளோடு ஜுகானொவிச்சைத் தோற்கடித்தார். ஜூனில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி 24 இடங்களோடு முதலிடம் பெற்றது. ‘நீ யார்’ என்ற கேள்வியைத் தள்ளி வைத்து ‘உன் மாதக் கடைசி எப்படி’ என்று கேட்டவர்களுக்கு வாக்குக் கிடைத்தது எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஆனால் பெரும்பான்மைக்கு 41 வேண்டும். ஆகவே அக்டோபர் 30-இல் செர்பியச் சார்புத் தலைவர் ஆந்த்ரியா மாண்டிச்சைச் சபாநாயகராக்கிய பிறகே மறுநாள் ஸ்பாயிச் பிரதமரானார். தள்ளி வைத்த கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 2024 தொடக்கத்திலேயே மிலாடொவிச்சும் தாம் நிறுவிய கட்சியை விட்டு வெளியேறினார். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2020-இல் 76 சதவீதத்துக்கு மேல் இருந்த வாக்குப்பதிவு 2023 நாடாளுமன்றத் தேர்தலில் 56 சதவீதமாகச் சரிந்தது. முன்பு அச்சத்தால் வாக்களித்தவர்களில் எத்தனை பேர் இப்போது சலிப்பால் வீட்டிலிருக்கிறார்கள் என்பது அங்கே யாராவது ஆராய வேண்டிய பொருள்.

மாறன்

இவ்வளவு பேசிய பிறகு ஷாவ்னிக்கைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வடக்கு மலைகளுக்கிடையில் இருக்கும் மிகச் சிறிய நகராட்சி அது. மொத்த வாக்காளர்களே இரண்டாயிரத்துக்கும் குறைவு. 2022 அக்டோபர் 23-இல் அங்கே உள்ளாட்சித் தேர்தல் தொடங்கியது. வெளியூர்க்காரர்கள் முகவரியை மாற்றிப் பதிந்துகொண்டு வாக்களிக்க வந்துவிட்டார்கள் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. ஓரிரு சாவடிகளில் வாக்குப்பதிவு தடைபட்டு நின்றது. வேறொரு நாள் குறித்தார்கள், மீண்டும் தடைபட்டது. இப்படி நாள் குறிப்பதும் நிற்பதுமாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தேர்தல் முடியவே இல்லை. இருநூறு வாக்குகள் இடம் மாறினால் நகராட்சியே கை மாறிவிடும் ஊரில், ஒவ்வொரு வீட்டு முகவரியும் ஒரு தேர்தல் வழக்காகிவிடுகிறது.