அயர்ன் பாக்ஸ்ல எஸ்எம்டி சால்டர் பண்ணவங்க வாங்க, அனுபவத்த சொல்லுங்க

மொதல்ல என் கதை. எஸ்எம்டின்னா சர்க்யூட் போர்டு மேலயே பத்தவைக்கிற குட்டி பார்ட்ஸ், அத அடியில இருந்து சுட வைக்கிற ஹாட் பிளேட்டுக்கு காசு போட மனசு வரல, பரண்ல பழைய அயர்ன் பாக்ஸ் ஒண்ணு கெடந்துச்சு, ஸ்டீம் ஓட்டை இல்லாத மாடல், அத கவுத்துப் போட்டு ரெண்டு செங்கலுக்கு நடுவுல ஆடாம நிறுத்தி மேல போர்ட வெச்சுட்டேன். பார்ட்ஸ் எல்லாம் 0603ங்கற அளவு, கடுகு சைஸ்தான், தும்முனா போச்சு. சால்டர் பேஸ்ட் 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37), 183 டிகிரில உருகும், டயல் காட்டன்ல. கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்கல, அப்புறம் பேஸ்ட்ல இருக்குற ஃபிளக்ஸ் (சால்டர் நல்லா ஒட்ட உதவுறது) கசிஞ்சு லேசா புகை, பேஸ்ட் கொழச்ச விபூதி மாதிரியே கெடக்கு, திடீர்னு ஒரு மூலைல பளபளன்னு ஆச்சு பாருங்க, அப்படியே போர்டு முழுக்க ஓடுது, கோணலா வெச்ச ரெசிஸ்டர்லாம் தானா நேரா திரும்பி உக்காருது! அந்த சந்தோஷத்துல ஸ்விட்ச் ஆஃப் பண்ணாம ட்வீசர்ல போர்ட இழுத்தேன், ஐசி சிப் வழுக்கிட்டு பக்கத்து பேட்ல (பார்ட் உக்கார்ற செம்புத் திட்டு) போய் உக்காந்துருச்சு. ஒரு கெபாசிட்டர் ஒத்தக்கால்ல நின்னுச்சு, அது என் தப்பு, ஒரு பேட் பெரிய கிரவுண்ட் காப்பரோட சேந்துருந்ததால அந்தப் பக்கம் லேட்டா உருகி இந்தப் பக்கம் இழுத்துருச்சு. இன்னொண்ணு, டயல நம்பாதீங்க, டிக்குனு கட் ஆன பிறகும் சூடு ஏறும், மல்டிமீட்டரோட தெர்மோகப்பிள் இருக்குல்ல, சூடு அளக்குற வயர், அத போர்டு மேலயே வைங்க.

---

ப்ரோ நானும் இதே கேஸ்தான். போர்டுல வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டரும் இருந்துச்சு, யோசிக்காம அப்படியே ஏத்திட்டேன், அப்பளம் மாதிரி வளைஞ்சிருச்சு. கனெக்டர கடைசில கையில வைங்க.

---

நமக்கு தோசைக்கல்தான். எல்இடி பல்புல அந்த அலுமினிய போர்டு இருக்குல்ல, சால்டரிங் அயர்ன் எவ்ளோ நேரம் வெச்சாலும் சூட்ட இழுத்துக்கிட்டே இருக்கும், அடியில இருந்து சுட்டாத்தான் வழி. கருப்புப் புள்ளி விழுந்த எல்இடிய எடுத்துட்டு வேற வெச்சேன், பிளஸ் மைனஸ் மாத்தி வெச்சு மறுபடி சுட்டது தனிக்கதை. பல்பு எரிஞ்சுச்சு. ஆனா ஈயம் பட்ட கல்லு, திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாதுன்னு சொன்னேன், அம்மா மொறச்ச மொறைப்புல புதுசு வாங்கிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அந்தக் காசுக்கு பல்பே டஜன் கணக்குல வாங்கிருக்கலாம்.