48 மணி நேரத்தில் கேமுக்கு இசை: ஒட்டு தெரியாமல் சுழல வைக்க

பொங்கோல் (சிங்கப்பூர்) உறுப்பினர்:

ஜனவரிக் கடைசியில் குளோபல் கேம் ஜாம் வந்துவிடும். 2009லிருந்து நடக்கிறது. வெள்ளி மாலை கருப்பொருளைக் கொடுத்து, ஞாயிறு மாலைக்குள் விளையாடக்கூடிய கேமைக் கேட்பது அதன் பழைய வழக்கம். முதன்முறை இசைப் பொறுப்பை ஏற்பவர்கள் உடனே மெட்டைத் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே வேகத்தையும் நீளத்தையும் முடிவு செய்துவிடுங்கள். கேமில் இசை முடிவதில்லை, சுழன்றுகொண்டே இருக்கும். ஒட்டுப்போட்ட இடம் காதில் இடறினால் நல்ல மெட்டும் பத்தாவது நிமிடத்தில் எரிச்சலாகிவிடும்.

48,000 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு அத்தனை ஒலித் துண்டுகள்) 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) என்றால் ஓர் அடிக்குச் சரியாக 24,000 சாம்பிள். 100 என்றால் 28,800. 96 என்றால் 30,000. 110 வைத்தால் 26,181 புள்ளி சொச்சம் என்று பின்னத்தில் நிற்கும். எங்கே வெட்டுவது என்ற சந்தேகம் ஒவ்வொரு கோப்பிலும் வரும். 120ல் நான்கடி பார் (தாளச் சுற்று) 16 போட்டால் 32 விநாடி, 15,36,000 சாம்பிள். ஏற்றுமதி செய்த கோப்பில் அந்த எண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எதிரொலியின் வால். ரிவெர்பு 32வது விநாடியோடு அடங்காது. அங்கேயே வெட்டினால் சுழற்சி திரும்பும் நொடியில் ஒலி சட்டென்று வறண்டுபோகும். அதே 16 பாரை இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து ரெண்டர் செய்து, இரண்டாவது பாதியை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்தில் ஏற்கெனவே கலந்திருக்கும்.

எம்பி3 வேண்டவே வேண்டாம். அந்த என்கோடர் கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்க்கிறது, சுழலும்போது விக்கும். ஓஜிஜி என்ற சுருக்கக் கோப்பாகக் கொடுங்கள். சுருக்காத வேவ் கோப்பு ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 11 எம்பியைத் தாண்டும், ஓஜிஜியில் ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கும்.

ஜூரோங் வெஸ்ட் உறுப்பினர்:

அண்ணன் சொன்ன கணக்கோடு அடுக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக மூன்று பாட்டு எழுத நேரம் இருக்காது. ஒரே பாட்டை ஒரே நீளத்தில் மூன்று கோப்பாகப் பிரியுங்கள்: சுருதியும் பேடும் (நீண்டு ஒலிக்கும் பின்னணி) ஒன்று, தாளம் ஒன்று, எதிரி நெருங்கும்போது ஏற வேண்டிய பதற்றம் ஒன்று. மூன்றும் ஒன்றாகத் தொடங்கி எப்போதும் ஓடட்டும். புரோகிராமர் ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்கினால் போதும்.

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் மூன்றையும் சாதாரண பிளே கட்டளையால் தொடங்கினால் சில மில்லி விநாடி விலகக்கூடும், தாளம் இரட்டையாகக் கேட்கும். பிளே ஷெட்யூல்டு கட்டளையில் மூன்றுக்கும் ஒரே டிஎஸ்பி நேரத்தை (ஒலிக்கான உள் கடிகார நேரம்) கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, எல்லாம் கலக்கும் மாஸ்டர் டிராக்கில் ஒலி உச்சத்தை அடக்கும் லிமிட்டரைப் போட்டபடி அடுக்குகளைப் பிரித்து எடுக்காதீர்கள். தனியாகக் கேட்கும்போது எல்லாமே உரக்க இருக்கும், மூன்றும் சேரும்போது ஒலி உடையும்.

உட்லண்ட்ஸ் உறுப்பினர்:

நம் இசை தெரிந்தவர்களுக்கு இங்கே பெரிய வசதி ஒன்று உண்டு, கிரகபேதம்: அதே சுரங்களை வைத்துக்கொண்டு சட்ஜத்தை மட்டும் இடம் மாற்றி வேறு ராகமாக்குவது. மோகன ராகத்தில் ஒரு மெட்டை எழுதுங்கள். அதன் காந்தாரத்தை ஆதார சட்ஜமாக வைத்துச் சுருதியையும் பேஸையும் மாற்றினால் அதே சுரங்கள் இந்தோளமாகக் கேட்கும். ரிஷபத்தை வைத்தால் மத்யமாவதி. மெட்டுக் கோப்பைத் தொடாமல் அடியில் ஓடும் சுருதிக் கோப்பை மட்டும் மாற்றிப் பகல் காட்சியை இரவாக்கிவிடலாம். ஒரு கோப்பு கூடுதல், அவ்வளவுதான் செலவு. இதைவிட மலிவான காட்சி மாற்றம் வேறு இல்லை என்பேன்.

ஆனால் சுழற்சியின் கடைசியில் தீர்மானம் (முடிவைக் காட்டும் சொற்கட்டு) வைக்காதீர்கள். மூன்று முறை வாசித்துச் சமத்தில் (தாளத்தின் முதல் அடி) விழுந்ததும் கேட்பவருக்குக் கச்சேரி முடிந்த உணர்வு வந்துவிடும். 32 விநாடிக்கு ஒருமுறை அது நடந்தால் தாங்காது. அந்தத் தீர்மானத்தைத் தனிக் கோப்பாக்கி, கட்டத்தை வென்றதும் ஒலிக்க விடுங்கள். இரண்டு விநாடி போதும். கமகமும் (சுரத்தை அசைத்து இழுப்பது) ஒட்டும் இடத்தைத் தாண்டி நீளக்கூடாது, நடுவில் அறுந்துவிடும்.

மிருதங்கத்தை நேரில் பதிபவர்கள் கவனிக்க: ஏர்கான் அறைக்குள் கொண்டுவந்தவுடன் பதியாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தளர்ந்த தோல், உலர்ந்த குளிரில் இறுகிச் சுருதி ஏறும். தொப்பியில் (இடப்பக்கத் தோல்) தடவிய ரவைப் பசையும் சீக்கிரம் காய்ந்து, கும்கி (தொப்பியின் அடர்ந்த ஒலி) வலுவிழக்கும். ஒரு மணி நேரம் அறையிலேயே வைத்துப் பிறகு சுருதி சேர்த்து, எல்லாச் சொல்லையும் (மிருதங்க ஒலிகள்) ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீடென்றால் சனிக்கிழமை பகலிலேயே முடித்துவிடுங்கள். இரவில் ஹெட்போனும் கீபோர்டும்தான்.

தெம்பனிஸ் உறுப்பினர்:

நேரக் கணக்கு பற்றி. மூன்றாவது மணி நேரத்துக்குள் எட்டு பார் தற்காலிகச் சுழற்சி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு எளிமையாக இருந்தாலும் சரி. கோப்பின் பெயர் கடைசிவரை மாறக்கூடாது. புதியது தயாரானதும் அதே பெயரில் மேலே எழுதிவிடலாம். பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் சர்வர் பார்க்காது. கணினியில் ஒலித்த இசை இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், விளையாடுபவர் ஒரு முறை கிளிக் செய்யும்வரை பிரவுசர் ஒலியை விடாது. தொடக்கத் திரையில் ஒரு பொத்தான் வைக்கச் சொல்லுங்கள்.

ஒலியளவுக்கு, வீட்டுக் கன்சோல் கேம்களுக்குச் சோனி பரிந்துரைத்தது -24 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் உரப்பின் அளவு), கையடக்கக் கருவிக்கு -18. அது முழு கேமுக்கான அளவு. இசை மட்டும் அதைத் தொட்டால் வசனமும் சத்தங்களும் மூழ்கும்.

கைத்தொலைபேசியின் சொந்த ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அநேகமாக ஒன்றும் வராது, தொப்பி காணாமல் போகும். பேஸ் டிராக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) சேர்த்தால் மேல் ஹார்மோனிக்ஸ் (உயர்ந்த துணை ஒலிகள்) வழியாகவாவது காதுக்குத் தெரியும்.

கடைசி ஆறு மணி நேரத்தில் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். கேமை ஓடவிட்டு ஒவ்வொரு ஒட்டையும் காதால் சோதியுங்கள். இணையத்தில் எடுத்த சாம்பிள்களின் உரிமத்தையும் அப்போதே பாருங்கள். வணிகத் தடை போட்ட ஒரு சங்கு ஒலி உள்ளே இருந்தாலும், பிறகு கேமை விற்க நினைக்கும்போது அதைத் தேடி எடுத்து மாற்ற வேண்டியிருக்கும்.