டிக்கி இல்லாத வண்டியில் எட்டு மாநிலம்: துப்பாக்கியோடு வீடு மாறிய கதை

போன கோடையில் வேலை மாறி வர்ஜீனியாவிலிருந்து நியூ ஹாம்ப்ஷயருக்குக் குடிபோனோம். சாமான் ஏற்ற வந்தவர்கள், தோட்டா இருந்தால் தொடவே மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆக, என் கைத்துப்பாக்கியும் இரண்டு பெட்டித் தோட்டாவும் எங்களோடு மினிவேனில்தான் வந்தாக வேண்டும்.

கனடா பக்கம் போகாமல், நியூயார்க் மாநிலத்தையும் தொடாமல், தரைவழியாக, நியூ ஹாம்ப்ஷயர் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதிக்குள் நுழையவே முடியாது. வரைபடத்தை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதுதான் கதை. என் வர்ஜீனியா துப்பாக்கி லைசென்ஸ் நியூயார்க்கில் செல்லாது. நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் செல்லாது. கை கொடுப்பது 1986இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்றுதான். புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை இருந்தால், நடுவில் உள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கக் கூடாது. இரண்டுமே உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. கார் என்றால் டிக்கியில் போட்டு மூடிவிடலாம். மினிவேனில் டிக்கி ஏது? பூட்டிய பெட்டி வேண்டும். கிளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் சேராது.

துப்பாக்கிக்கு ஒரு கெட்டியான பெட்டி, தோட்டாவுக்கு வேறொரு பெட்டி, இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. கடைசி இருக்கைக்குப் பின்னால் தரையில் வைத்து, அதன் மேல் இரண்டு மெத்தை, அதற்கும் மேலே வெட் கிரைண்டரை ஏற்றினேன். அதை எடுக்க எனக்கே கால் மணி நேரம் ஆகும்.

இதுவரை சுலபம். சிக்கல் நியூ ஜெர்சியில் உள்ள எடிசனிலிருந்து வந்தது. மனைவியின் சித்தி மகள் போன் செய்தாள். “எங்க வீட்டு வழியாத்தானே போறீங்க அத்தான்? ராத்திரி தங்கிட்டுக் காலைல கிளம்புங்க. பிரிட்ஜ்வாட்டர் பெருமாளையும் சேவிச்சுட்டு வந்துடலாம்.” ஆசையாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் அந்தச் சட்டம் வழிப்போக்கனுக்கானது. இரவு தங்கிவிட்டால் அது கடந்து போவதுதானா என்ற கேள்வி வந்துவிடும், பெட்டியை வீட்டுக்குள் எடுத்துப் போனால் இன்னும் மோசம். 2005இல் யூட்டாக்காரர் ஒருவருக்கு நியூ ஜெர்சியின் நூவார்க்கில் இணைப்பு விமானம் தவறிவிட்டது. பூட்டிய துப்பாக்கி இருந்த பெட்டியோடு ஹோட்டலில் படுத்தார். மறுநாள் காலை விமான நிலையத்தில் தானே போய் “துப்பாக்கி இருக்கிறது” என்று சொன்னார், கைதானார். பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். ஆனால் அவர் தொடுத்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? விமானம் தவறியது உங்கள் தப்பில்லைதான், ஆனாலும் ஹோட்டலில் பெட்டி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் பாதுகாப்பு போய்விட்டது என்றது.

இதையெல்லாம் கொழுந்தியாளிடம் சொன்னால் மாமியார் வரைக்கும் போகும். “பையனுக்கு உடம்பு சரியில்லை” என்று சமாளித்தேன். நியூ ஜெர்சியே வேண்டாம் என்று, 81ஆம் நெடுஞ்சாலையில் ஸ்க்ராண்டன் வரை போய் 84ஐப் பிடித்தேன். காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பெட்ரோலுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும்தான் நின்றோம். தயிர்சாதம்கூட ஓடுகிற வண்டியிலேயே.

அப்படியும் ஓரிடத்தில் போலீஸ் நிறுத்தியது. பிரேக் லைட் ஒன்று எரியவில்லையாம். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல்தான். “வண்டியில் ஆயுதம் உண்டா?” உண்டு, பூட்டிய பெட்டியில், பின்னால், தோட்டா தனியாக என்றேன். எங்கிருந்து எங்கே என்று கேட்டார். சொன்னேன். அடுத்ததுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. “இன்றிரவு எங்கே தங்குகிறீர்கள்?” “புது வீட்டில்” என்று நியூ ஹாம்ப்ஷயர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டினேன். கண்ணாடி வழியாக கிரைண்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அது என்னவென்று கேட்கவில்லை. பல்பை மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

*

ஃபிலடெல்ஃபியாவிலிருந்து:

நீங்கள் நியூ ஜெர்சியைச் சுற்றிப் போனது சரிதான். எங்களுக்குப் பாலம் தாண்டினால் நியூ ஜெர்சி. 2013இல் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், எங்கள் பென்சில்வேனியா துப்பாக்கி பெர்மிட் அங்கேயும் செல்லும் என்று நினைத்துப் போய்விட்டார். போலீஸ் நிறுத்தியதும் கைத்துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். குறைந்தது மூன்று ஆண்டு சிறை என்கிற அளவுக்கு வழக்கு போனது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டார். அதிலிருந்து பாலம் ஏறும் முன்னால் என் பையை ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். ஆளுநர் கையெழுத்தை நம்பியா வண்டி ஓட்டுவது?

*

டெட்ராய்ட் பக்கமிருந்து:

என் அனுபவம் சின்னது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்குக் கிளம்பினேன், துப்பாக்கிப் பெட்டி டிக்கியில். ஜிபிஎஸ் சொன்னபடி பேசிக்கொண்டே ஓட்டினேன். “பாலம், கனடா” என்று பச்சைப் பலகை வந்தபோதுதான் உறைத்தது. ஜிபிஎஸுக்கு ஒன்டாரியோதான் குறுக்குவழி. அந்தப் பக்கம் கைத்துப்பாக்கியோடு போய் நின்றால் அமெரிக்கச் சட்டம் எதுவும் துணைக்கு வராது. கடைசி எக்ஸிட்டில் வெளியேறி, டொலீடோ, கிளீவ்லாண்ட் என்று ஏரியைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். அதோடு, எங்கள் மிச்சிகனில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு போனால் போலீஸ் நிறுத்தியவுடன் நாமே சொல்ல வேண்டும். ஒஹாயோவில் 2022க்குப் பிறகு கேட்டால் சொன்னால் போதும். ஒரு மணி நேர ஓட்டத்தில் விதி மாறுகிறது.

*

டாலஸிலிருந்து:

எச்1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். கிரீன் கார்டு இருந்தால் வேறு. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நான் எச்1பியில் இருந்தபோது, லூசியானா போகும் வழியில் நண்பர், “என் வண்டியில் இடமில்லைடா, இந்தப் பெட்டியை உன் டிக்கியில் போட்டுக்கோ” என்றார். பூட்டிய பெட்டிதானே என்று சாவியைத் திருப்பப் போனேன். என் மனைவிதான் கையைப் பிடித்தாள். நண்பர் இரண்டு சூட்கேஸை எங்கள் வண்டிக்கு மாற்றி, பெட்டிக்குத் தன் வண்டியிலேயே இடம் பண்ணினார்.

*

முதலில் எழுதியவன்:

டாலஸ் நண்பருக்கு: உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு கும்பிடு. கேட்டவர்களுக்கு: பல்பு மறுநாளே மாற்றியாகிவிட்டது. தீபாவளிக்கு எடிசன் போகிறோம், வெறும் வண்டியில். பையனுக்கு உடம்பு எப்படி என்று சித்தி மகள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.