ஸ்பிட்டியா, மாஜூலியா? அம்மாவோடு பத்து நாள்

திண்டுக்கல்_தங்கராசு:
நவம்பர் நடுவில் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் பார்த்துச் சலித்துவிட்டது. மனசில் இரண்டு இடம்: இமாச்சலின் ஸ்பிட்டி, அசாமில் பிரம்மபுத்திராவுக்கு நடுவே இருக்கும் மாஜூலித் தீவு. ஒன்று பொட்டல் மலை, இன்னொன்று எங்கே பார்த்தாலும் தண்ணீர். அம்மாவும் வருகிறார். 61 வயது, பிரஷர் மாத்திரை உண்டு, ஆனால் என்னைவிட நன்றாக நடப்பார். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

மலைக்கோட்டை:
நவம்பர் என்றால் ஸ்பிட்டியை விட்டுவிடுங்கள் தம்பி. குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல், பனி விழுந்து மணாலி வழி அடைபட்டுவிடும். சிம்லா, கின்னவுர் வழியாகப் போகலாம்தான், ஆனால் ராத்திரி மைனஸில் குழாய்த் தண்ணீர் உறைந்து, பாதி விடுதிகள் பூட்டிக் கிடக்கும். ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸாவே 3,600 மீட்டருக்கு மேல். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜூலையில் மணாலியிலிருந்து ஒரே நாளில் காஸா போய்ச் சேர்ந்தேன், அறிவே இல்லாமல். ராத்திரி முழுக்க வாந்தி, மண்டை பிளக்கிற வலி. சிம்லா வழியாக நாலு நாள் எடுத்து மெதுவாக ஏறியிருந்தால் இவ்வளவு பட்டிருக்க மாட்டேன். பிரஷர் உள்ளவரை டாக்டரைக் கேட்காமல் கூட்டிப்போகவே கூடாது.

ஆனால் ஊர் என்னவோ அபாரம். காஸாவுக்கு மேலே லாங்சா கிராமத்தில் ஒரு பையன் உள்ளங்கையை விரித்து ஒரு கல்லைக் காட்டினான், நத்தை மாதிரி சுருள். வீட்டுப் பூஜையில் வைக்கிற சாளக்கிராமத்தில் இருப்பதும் இதே ஜீவன்தான், கடல் பிராணியின் புதைபடிவம். அந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் டெத்திஸ் கடலுக்கு அடியில் இருந்தது. விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். அங்கே தாபோ பௌத்த மடாலயம் 996-ல் கட்டியது, வெறும் மண் சுவர். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010, அதற்கும் முந்தியது! மழை மறைவுப் பகுதி என்பதால்தான் அந்த மண் இன்னும் நிற்கிறது.

தோணித்துறை:
அப்போ மாஜூலிதான், யோசிக்கவே வேண்டாம். ஜோர்ஹாட் பக்கம் நிமாதி படகுத்துறையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். படகில் பைக், கோழிக்கூடை, காய்கறி மூட்டை எல்லாம் நம்மோடு வரும். தீவு முழுக்க சத்ராக்கள், அதாவது 15, 16-ஆம் நூற்றாண்டில் சங்கரதேவர் தொடங்கிய வைணவ மரபின் மடங்கள். சாமகுரி சத்ராவில் முகமூடி செய்வதைப் பார்த்து நான் அரை நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூங்கிலைப் பிளந்து கூடு பின்னி, களிமண்ணில் தோய்த்த துணியை ஒட்டி, மேலே களிமண்ணும் சாணியும் பூசி, காய்ந்ததும் சாயம். ராவணன் தலை ஆள் உயரம், தூக்கினால் கனமே தெரியவில்லை. நவம்பர் பௌர்ணமியை ஒட்டி, கிருஷ்ணர் கதையை நடிக்கும் ராஸ் விழா வரும், வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும், அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். விழா நாளில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

சால்மோராவில் சக்கரமே இல்லாமல் பெண்கள் கையால் தட்டித் தட்டிப் பானை செய்வார்கள். மிசிங் பழங்குடி மக்களின் வீடுகள் கால் வைத்துத் தூக்கிக் கட்டியவை, வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிடும். ஆனால் கரை அரிப்புக்கு அது போதாது. நூறு வருஷத்துக்கு முன்னால் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த தீவு, இன்று அதில் பாதிகூட இல்லை.

வடகிழக்கு_வாசி:
மேலே சொன்னது சரி, ஆனால் மாஜூலிக்கு மூன்று ராத்திரி போதும். மிச்ச நாளுக்குக் காண்டாமிருகக் காடான காசிரங்கா, பழைய அஹோம் அரசர்களின் தலைநகரான சிவசாகர். நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் பேசிய வாடகை ஒன்று, கிளம்பும்போது கேட்டது ஒன்று. முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்_தங்கராசு:
நன்றி எல்லோருக்கும். ஸ்பிட்டியை அடுத்த வருஷம் ஜூலைக்குத் தள்ளிவிட்டேன், அம்மா டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. கௌஹாத்தியிலிருந்து காலை ரயிலில் ஜோர்ஹாட் வந்து அன்றைக்கே படகு பிடிக்க முடியுமா?

தோணித்துறை:
முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்கு முன்பே கடைசிப் படகு கிளம்பிவிடும். ராத்திரி ஜோர்ஹாட்டில் தங்கிக் காலைப் படகைப் பிடியுங்கள், அம்மாவுக்கு ஒரு சால்வையும் கையில் இருக்கட்டும், ஆற்றுக் காற்று சில்லென்று அடிக்கும்.