ஓக் மரப் பேழையில் ஈயக் குண்டுகள் வெள்ளை பூக்கின்றன: ஆலோசனை தேவை

வர்ஜீனியாவில் தன்னார்வலர்களே நடத்தும் சிறிய கவுன்டி அருங்காட்சியகம் ஒன்றில், அவ்வப்போது மாறும் கண்காட்சிகளைக் கவனித்து வருகிறேன். வசந்த காலத்தில், புதிதாக ஓக் மரத்தில் செய்து ரப்பர் பட்டையிட்டு இறுக மூடிய கண்ணாடிப் பேழையில் வைத்த அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால (1861–65) மினியே வகைத் துப்பாக்கி ஈயக் குண்டுகளின் வளையப் பள்ளங்களில், இப்போது மாவு போன்ற வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. அருகிலுள்ள பித்தளைப் பொத்தான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓக் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவியே காரணம் என்று கருதுகிறேன். தூள் நச்சு என்பதால் கையுறையோடுதான் தொடுகிறோம். உட்புறம் வார்னிஷ் பூசியும், சிலிக்கா ஜெல் வைத்து ஈரப்பதத்தை 60 சதவீதத்திலிருந்து 45 சதவீதத்துக்குக் குறைத்தும், படிவது மெதுவானதே தவிர நிற்கவில்லை. ஒரு குடும்பம் நம்பி ஒப்படைத்த பொருள்கள் இவை. உலோகப் பேழை வாங்க நிதியில்லை. உட்சுவர்களில் அலுமினியத் தடுப்புத் தாள் ஒட்டி, ஆவியை உறிஞ்சும் செயலூட்டிய கரியும் வைத்தால், இதே பேழையில் ஈயத்தைப் பாதுகாப்பாக வைக்க முடியுமா?