பதிமுகத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகிறதே, ஏன்?

வணக்கம். யாங்கூனில் இருந்து எழுதுகிறேன். கேரளம் போய்வந்த அண்ணி, அங்கே பதிமுகம் என்ற மரக்கட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கத் தரும் ரோஸ் நிறத் தண்ணீரைப் பற்றிச் சொன்னதிலிருந்து வீட்டில் ஒரே பதிமுகப் பேச்சு. சரி என்று இங்கே சந்தையில் பதிமுகச் சீவல் வாங்கிக் கொதிக்க வைத்தேன். நல்ல சிவப்பு. எலுமிச்சை பிழிந்ததும் மஞ்சளாகிவிட்டது! ஆப்ப சோடா போட்டால் மறுபடி சிவப்பு. சாயம் பூசிய கட்டையோ என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

நான் படித்தவரை, வைரக்கட்டையில் (மரத்தின் நடுப்பகுதிக் கட்டையில்) உள்ள ‘பிரேசிலின்’ என்ற பொருள் காற்றுப் பட்டு ‘பிரேசிலீன்’ என்ற இன்னொரு பொருளாக மாறுவதால்தான் அந்தச் சிவப்பு. புளிப்பில் அது மஞ்சளாகுமாம். அப்படியானால் கடைக்காரரைத் திட்டியது தப்போ?

பழகியவர்கள் சொல்லுங்கள்: ஒரு லிட்டருக்கு எத்தனை சீவல்? தினமும் குடிக்கலாமா? அப்புறம், கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர், அதனால் அவருக்கு இன்னும் கொடுக்கவில்லை.